எண்ணெய் வாசம் போகாத பைகள்

கடைக்காரர் யாராவது கேட்காமலேயே சாமானைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு நீட்டினால் எனக்கு இன்றைக்கும் சுருக்கென்று கோபம் வரும். முன்பெல்லாம் அந்தக் கோபம் நேராக வாய்க்கு வந்துவிடும். இப்போது விழுங்கிக்கொள்கிறேன். தோளில் தொங்கும் துணிப்பையை எடுத்து நீட்டுகிறேன், அவ்வளவுதான். அடுத்தவருக்குப் புத்தி சொல்லும் யோக்கியதை எனக்குப் போய் இரண்டு வருடம் ஆகிறது. அது எப்படிப் போனது என்பதை இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

திருநள்ளாற்றில் ஒரு சின்ன லாட்ஜில் வரவேற்பு மேசையில் எனக்கு வேலை. வீடு காரைக்காலின் விளிம்பில், பாசன வாய்க்காலை ஒட்டிய ஒரு தெருவில். முப்பது வீடு இருக்கும். காலையில் ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ். மிச்ச நேரத்தில் தெருவைத் திருத்தும் வேலையை நானே எடுத்துக்கொண்டேன். யாரும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

வீட்டில் எல்லாம் என் சட்டம்தான். குளிக்க ஒரு வாளி. அரிசி களைந்த தண்ணீர் கறிவேப்பிலைச் செடிக்கு. காய்கறித் தோல் மண்தொட்டிக்கு. பரோட்டா வாங்கப் போனால் சால்னாவுக்குத் தூக்குவாளி கொண்டுபோக வேண்டும். மறந்துபோய் வெறுங்கையோடு போன அன்று என் வீட்டுக்காரர் பரோட்டாவே வாங்காமல் திரும்பி வந்து, "சால்னாவை உள்ளங்கையிலயா வாங்கிட்டு வர்றது" என்று கேட்டார். எனக்கு அவர் வைத்திருந்த பெயர் ஹெல்த் இன்ஸ்பெக்டர். எனக்கு உள்ளூரப் பெருமையாகத்தான் இருந்தது.

ஒரு வருடம் ஐப்பசி மழையில் வாய்க்கால் அடைத்துக்கொண்டு தெருவுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் வந்தது. மதகு வாயில் இறங்கி ஆட்கள் இழுத்துப் போட்டதெல்லாம் கவர். மளிகைக்கடைக் கவர், பால் கவர், மீன் வாங்கின கறுப்புக் கவர். கட்டுக்கட்டாக வந்தது, வைக்கோல் பிடுங்குவது மாதிரி. எல்லோரும் கரையில் நின்று பார்த்தோம். அன்றைக்கே தீர்மானித்துவிட்டேன், வீட்டுக்கு இரண்டு துணிப்பை கொடுத்து இந்தத் தெருவில் கவரை ஒழித்துக்கட்டுவது என்று. அறுபது பை. அதற்குத் துணி எங்கே போவது?

துணி என் கண்ணெதிரே வாராவாரம் எரிந்துகொண்டிருந்தது.

திருநள்ளாற்றுக்கு வருகிறவர்கள் நல்லெண்ணெய் தேய்த்துத் தலைமுழுகி, உடுத்தியிருந்ததை அங்கேயே விட்டுவிட்டுப் போவார்கள். பிடித்த சனி அந்தத் துணியோடு போகட்டும் என்று. குளத்துக்குப் போய் முழுக முடியாத வயதானவர்கள் எங்கள் லாட்ஜ் குளியலறையிலேயே முழுகுவார்கள். அறையைக் காலி செய்தபின் போய்ப் பார்த்தால் கதவுக்குப் பின்னால் ஈர வேட்டி, துண்டு, சேலை. பாதிக்குமேல் புதுசு. விட்டுவிட்டுப் போவதற்கென்றே வாங்கி, ஒரே ஒரு முறை நனைத்தவை. கூட்டிப் பெருக்கும் அம்மா அவற்றைக் கையால் தொடமாட்டார். கொம்பால் தூக்கி வாளியில் போட்டுப் பின்பக்கக் குழியில் கொட்டுவார். சனிக்கிழமை, ஞாயிற்றுக்கிழமைகளில் குவியல் ஆளுயரம் வந்துவிடும். திங்கட்கிழமை கொளுத்துவார்கள். எண்ணெயும் பாலியெஸ்டரும் சேர்ந்து எரிகிற அந்தப் புகை என் மேசை வரைக்கும் வரும்.

மழை ஓய்ந்து வெயில் ஏறியதும் நான் அந்தக் குவியலிலிருந்து பருத்தி வேட்டிகளையும் துண்டுகளையும் பிரித்தெடுக்க ஆரம்பித்தேன். அந்த அம்மா பதறிவிட்டார்.

"கையால தொடாதீங்கம்மா. ஊரு கஷ்டத்தையெல்லாம் அவுத்துப் போட்டுட்டுப் போயிருக்காங்க."

"துணிக்கு என்னம்மா தெரியும் கஷ்டம்" என்றேன். முதலாளி கண்டுகொள்ளவில்லை. புகை குறைந்தால் சரி என்று விட்டுவிட்டார். லாட்ஜின் பின்பக்கமே டிரம்மில் வெந்நீரும் சலவைச் சோடாவும் போட்டு ஊறவைத்தேன், மூன்று முறை அலசினேன், மொட்டை மாடியில் காயப்போட்டேன். சித்திரை வெயில். மூன்றே வாரத்தில் இரண்டு பெரிய மூட்டை சேர்ந்தது. ஆட்டோ பிடித்து, நேராக அக்கா வீட்டில் கொண்டுபோய் இறக்கினேன்.

அக்கா என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. மூன்று வீடு தள்ளிக் குடியிருப்பவர், தையல் மிஷின் வைத்திருந்தார். பிறந்ததும் வாக்கப்பட்டதும் கிளிஞ்சல்மேடு மீனவர் கிராமத்தில். சுனாமியில் தங்கையைப் பறிகொடுத்தபின் கடற்கரையில் குடியிருக்கமாட்டேன் என்று சொல்லி உள்ளே எங்கள் தெருவுக்கு வந்துவிட்டார். அவர் வீட்டுக்காரர் மட்டும் விசைப்படகில் தொழிலுக்குப் போவதை விடவில்லை. அவரை நான் அண்ணன் என்பேன். அண்ணன் கடலுக்குப் போயிருக்கும் நாட்களில் அக்கா வேறு ஆளாகிவிடுவார். சிரிப்பு இருக்காது. எந்த நேரத்தில் வீடு பெருக்குவது, யாருக்கு என்ன கடன் கொடுப்பது என்பதற்கெல்லாம் சகுனம் பார்ப்பார். அவர் திரும்பிவிட்டால் மறுபடி பழைய அக்கா. சாயங்காலமானால் எனக்கு அவர் வீட்டுத் தேநீர்தான். என் எல்லாக் குறும்புக்கும் கூட்டு அவர்.

அது மீன்பிடித் தடைக்காலம். அண்ணன் வீட்டில் இருந்தார், அக்காவும் நல்ல மனநிலையில் இருந்தார். பை தைக்க வேண்டும் என்றதும் "அறுபதா? ஒன் பைத்தியத்துக்கு நான் மிதிக்கணுமா" என்று சிரித்துக்கொண்டே மூட்டையைப் பிரித்தார். ஒரு வேட்டியை எடுத்து முகர்ந்தார்.

"எண்ணெ வாசம் வருதே. இது யாரு துணி?"

நேரான கேள்வி. எனக்குப் பதில் தெரியும். அந்தப் பதிலைச் சொன்னால் அக்கா மூட்டையை வாசலுக்கு வெளியே தள்ளிவிட்டுத் தலைக்குக் குளித்துவிட்டு வருவார் என்பதும் தெரியும்.

"லாட்ஜுல கழிச்சுப் போட்டதுதாங்கக்கா. சமையக்கட்டுப் பக்கம் கெடந்துச்சு, அதான் வாசம்" என்றேன்.

கூசாமல் சொன்னேன். பொய் சொல்கிறோம் என்ற எண்ணமே அப்போது வரவில்லை. நல்ல காரியத்துக்குக் குறுக்கே வருகிற ஒரு மூடநம்பிக்கையைச் சாமர்த்தியமாகத் தாண்டுவதாகத்தான் நினைத்தேன். அக்கா நம்பினார். என்னை நம்பாமல் இருக்க அவருக்குக் காரணமே இருந்ததில்லை.

வைகாசி முழுக்க மிஷின் ஓடியது. அக்கா கைவேலை சுத்தம். பிடி அறுந்துபோகாமல் இரட்டைத் தையல், அடியில் பட்டை, உள்பக்கம் சில்லறை போட ஒரு சின்னப் பை. கரை வைத்த வேட்டிகளின் கரையை வாய்ப்பக்கம் வருகிற மாதிரி வெட்டினார். எனக்கு மட்டும் மாம்பழ நிறத்தில் இருந்த என் பழைய சேலையைக் கொண்டுபோய்க் கொடுத்து, "எனக்கு இதுல தெச்சுக் குடுங்கக்கா, இந்தக் கலர் பிடிக்கும்" என்றேன். தைத்துக் கொடுத்தார்.

வீடு வீடாகப் பை போனது. நம்பமாட்டீர்கள், தெரு மாறியது. மளிகைக் கடைக்காரரே "உங்க தெரு ஆளுங்க வந்தா கவர எடுக்கவே கை நடுங்குது" என்றார். நான் வாசலில் நின்று யார் பையோடு போகிறார்கள், யார் கையை வீசிக்கொண்டு போகிறார்கள் என்று பார்ப்பேன். ஒரு நாள் எதிர்வீட்டுக்காரர் என்னைக் கண்டதும் தக்காளி இருந்த கவரை வேட்டி மடிப்புக்குள் ஒளித்தார். அந்தக் காட்சியை அக்காவிடம் நடித்துக் காட்டினேன். அவர் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. அப்படி அவர் சிரித்தது அதுதான் கடைசி, என் முன்னால்.

ஆனி பிறந்ததும் தடை முடிந்தது. முதல் நடை. படகுக்குப் பூசை போட்டு, மாலை கட்டி, அண்ணனோடு சேர்த்து ஒன்பது பேர் கிளம்பினார்கள். நான்கைந்து நாள் தங்கித் தொழில் செய்கிற படகு. அக்கா அண்ணனுக்கென்று தனியாக ஒரு பை தைத்திருந்தார். பச்சைக் கரை வேட்டியில், வெற்றிலை பாக்கு வைக்க ஒன்று, மாத்திரை வைக்க ஒன்று என்று உள்ளே தடுப்பெல்லாம் வைத்து. அதை என்னிடம் காட்டவும் செய்தார். "எப்புடி இருக்கு?" என்றார். நான் பார்த்தேன். அந்த வேட்டியைக் குவியலிலிருந்து உருவிய நாள்கூட ஞாபகம் இருந்தது. அப்போது சொல்லியிருக்கலாம். வேண்டாங்கக்கா, வேற துணியில தெச்சுக் குடுங்க என்றாவது சொல்லியிருக்கலாம். "சூப்பரா இருக்குக்கா" என்றேன்.

அவர்கள் கிளம்பிய மறுநாள் பக்கத்துப் பள்ளிக்கூட ஹாலில் ஒரு கூட்டம். எங்கள் தெருவைப் பாராட்டி நாலு தெருப் பெண்களுக்கு எடுத்துச் சொல்ல ஏற்பாடு செய்திருந்தார்கள். மேடையில் பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீர் வைத்திருந்தார்கள். எனக்குப் போர்த்திய சால்வையைப் பிளாஸ்டிக் உறையிலிருந்து உருவி எடுத்துப் போர்த்தினார்கள். அதையெல்லாம் கவனிக்கிற நிலையில் நான் இல்லை. கைதட்டல் தலைக்கு ஏறியிருந்தது.

கூட்டத்தில் யாரோ, "இவ்வளவு துணி எங்க வாங்குனீங்க" என்று கேட்டார்கள். 'பழைய துணி' என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். ஆனால் நான் செய்ததில் பெரிய சாமர்த்தியமே அதுதான் என்று எனக்கு எண்ணம். இத்தனை நாள் சொல்ல முடியாமல் அடக்கிவைத்திருந்த சாமர்த்தியம். மைக் கையில் இருக்கிறது, சபை நிறைந்திருக்கிறது. "வாங்கவே இல்ல. திருநள்ளாத்துல தலைமுழுகிட்டு விட்டுட்டுப் போறாங்கல்ல, எரிக்கிற துணி, அதைத்தான் சுத்தம் பண்ணி எடுத்தோம். அறுபது வீட்டுப் பை அதுலதான் தெச்சது" என்றேன். எடுத்தோம் என்றேன். அக்காவையும் சேர்த்துக்கொண்டேன். அறுபது வீடு என்று வாய் குளறியதுகூட எனக்குத் தெரியவில்லை.

கைதட்டுவார்கள் என்று எதிர்பார்த்து நிறுத்தினேன். யாரும் தட்டவில்லை. முன்வரிசையில் இருந்த ஒரு பெண் மடியில் வைத்திருந்த பையைத் தரையில் வைத்தார். அக்கா இரண்டாம் வரிசையில் ஓரமாக உட்கார்ந்திருந்தார். நான் அந்தப் பக்கம் பார்த்தபோது நாற்காலி காலி.

சால்வையோடு ஓடினேன். அக்கா வீட்டு வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு எங்கேயோ கிளம்பிக்கொண்டிருந்தார். நான் என்ன செய்திருக்க வேண்டும்? காலில் விழுந்திருக்க வேண்டும். நான் விளக்கம் சொன்னேன். "அக்கா, வெந்நீர்ல மூணு தடவ அலசுனது. துணிக்கு என்னக்கா தெரியும்? இதெல்லாம் நம்ம மனசுலதான்."

"அண்ணன் கையில இருக்கு அந்தப் பை" என்றார் அக்கா. சத்தமே போடவில்லை. "படகுல இருக்கு."



படகுக்குச் சொந்தக்காரர் வீட்டுக்குத்தான் அக்கா கிளம்பியிருந்தார். நானும் பின்னால் போனேன். வராதே என்று அவர் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. வயர்லெஸ்ஸில் சொல்லி அந்தப் பையைக் கடலில் போட்டுவிடச் சொல்ல வேண்டும், அதுதான் அவர் கேட்டது. படகுக்காரர் முதலில் புரியாமல் சிரித்தார். புரிந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. "அதையா படகுல ஏத்துனீங்க? ஒம்பது பேரு போயிருக்கானுவளே" என்றார். அக்கா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். நான்தான் செய்தேன், இவருக்குத் தெரியாது என்று நான் சொன்னேன். சொன்னது சரியாகக் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை, படகுக்காரர் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார். வயர்லெஸ்ஸில் கூப்பிட்டுப் பார்த்தார். கிடைக்கவில்லை. ரொம்ப தூரம் போயிருப்பார்கள், நாளைக்குப் பார்க்கலாம் என்றார்.

மறுநாளும் கிடைக்கவில்லை. அதற்குள் விஷயம் கிளிஞ்சல்மேடு வரைக்கும் போய்விட்டது. மற்ற எட்டுப் பேர் வீட்டிலிருந்தும் ஆட்கள் வந்து அக்காவிடம் கேட்டுவிட்டுப் போனார்கள். திட்ட வரவில்லை, நிஜமா என்று கேட்க வந்தார்கள். அது திட்டுவதைவிட மோசம். அக்கா ஒவ்வொருவரிடமும் "எனக்குத் தெரியாதுங்க" என்று ஒரே வாக்கியத்தைச் சொன்னார். மேல்காற்று வேறு அந்த மூன்று நாளும் தகரக் கூரைகளை ஆட்டிக்கொண்டு வீசியது. நான் வேலைக்குப் போகவில்லை. சோறு கொண்டுபோய் வைத்தேன், தொடவில்லை. எனக்கு நம்பிக்கை கிடையாது என்று அத்தனை பேரிடமும் பேசியவள், அந்த மூன்று நாளும் திசை பார்த்துத் திசை பார்த்துக் கும்பிட்டேன்.

நாலாம் நாள் காலை பத்து மணிக்குப் படகு திரும்பியது. ஒன்பது பேரும் நல்லபடியாக வந்தார்கள். நல்ல மீன்பாடு வேறு. அண்ணன் சிரித்துக்கொண்டே இறங்கி வந்தார், கையில் அந்தப் பச்சைக் கரைப் பை. குழம்புக்கென்று எடுத்து வைத்த வஞ்சிரத் துண்டும் இறாலும் அதற்குள். "பையின்னா இது பை, இவ்வளவு கனத்துக்கும் ஒரு தையல் விடல பாரு" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். அவருக்கு இன்னும் எதுவும் தெரியாது.

அக்கா அவரைத் தொட்டுப் பார்த்தார். தோளை, கையை, விரல்களை. பிறகு பக்கத்தில் மீன் விற்றுக்கொண்டிருந்தவரிடம் திரும்பி, "ஒரு கவர் குடுங்க" என்றார். கறுப்புக் கவர். பையில் இருந்த மீனை நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் கவரில் கொட்டினார், முடிச்சுப் போட்டார், அண்ணனைக் கூட்டிக்கொண்டு போனார்.

ஒன்றுமே ஆகவில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். என் வீட்டுக்காரரும் சொன்னார். சனியும் கிடையாது, ஒன்றும் கிடையாது, பார்த்தாயா என்றார். ஆனால் ஆகிவிட்டது. மூன்று நாள் ஒரு பெண் தன் கையாலேயே புருஷனைக் கொன்றுவிட்டோமோ என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளை அங்கே உட்காரவைத்தவள் நான்.

அடுத்த ஒரு வாரம் என் வீட்டுக் கேட்டில் பைகள் வந்து தொங்கின. யார் எப்போது மாட்டினார்கள் என்றே தெரியாது, காலையில் பார்த்தால் இருக்கும். சிலர் வாய்க்காலிலேயே வீசினார்கள். பச்சைக் கரைப் பை மட்டும் துவைத்து, மடித்து, கேட்டுக்கு உள்பக்கம் சிமெண்டுத் திண்டில் வைக்கப்பட்டிருந்தது. முகர்ந்து பார்த்தேன். சோப்பு, மீன் எல்லாவற்றையும் மீறி லேசாக நல்லெண்ணெய் வாசம் இருந்தது. எல்லாவற்றையும் மூட்டையாகக் கட்டி லாட்ஜுக்கு எடுத்துப் போனேன். திங்கட்கிழமைக் குழியில் போட்டேன். மளிகைக் கடையில் கவர் திரும்பி வந்தது. யாரும் ஒளிக்கவில்லை.

கார்த்திகையில் மறுபடி தண்ணீர் தெருவுக்குள் வந்தது, போன வருடத்தைவிட அதிகம். எல்லோரும் வாசலில் நின்று இறைத்துக்கொண்டிருந்தார்கள். நான் வேலையிலிருந்து திரும்பித் தண்ணீருக்குள் நடந்து வருகையில் அக்கா வாளியோடு தன் வாசலில் நின்றார். ஐந்து மாதமாக நாங்கள் பேசிக்கொண்டதில்லை. அன்றைக்கு நின்றேன்.

"அக்கா, என்னை மன்னிச்சுடுங்க. நீங்க கேட்டப்பவே சொல்லியிருக்கணும்."

அவர் இறைப்பதை நிறுத்தவில்லை. இன்னொரு வாளித் தண்ணீரைத் தெருவில் வீசிவிட்டுப் பேசினார்.

"சொல்லியிருந்தா திட்டியிருப்பேன். மூட்டையத் தூக்கி வெளியில போட்டிருப்பேன். அப்புறம் நீ ரெண்டு நாள் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டுத் திரிவ. பாவம்னு, சரி, படகுக்கு ஆகாது, சாமிக்கு ஆகாது, காய்கறிக்கு ஆகட்டும்னு தெச்சுக்கூடக் குடுத்திருப்பேன். யாரு கண்டா. அத முடிவு பண்ண வேண்டியவ நானுல்ல?"

"ஆமாக்கா."

"அது போவட்டும்." வாளியைக் கீழே வைத்துவிட்டு முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார். பிறகு என் தோளைப் பார்த்தார். "ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். துணிக்கு என்ன தெரியும்னு அன்னைக்கு அவ்வளவு சொன்னியே. ஒன் பைய மட்டும் ஏன் ஒன் சேலையில தெக்கச் சொன்ன?"

அந்தக் கலர் பிடிக்கும் என்று ஏற்கனவே ஒரு பதில் இருந்தது.  லாட்ஜின் பின்பக்கமே துவைத்ததும், மூட்டையை என் வீட்டு வாசற்படி ஏற்றாமல் நேராக அவர் வீட்டில் இறக்கியதும் எதனால் என்று அந்தத் தண்ணீருக்குள் நிற்கும்போதுதான் எனக்கே தெரிந்தது. அக்காவுக்கு அதற்கு முன்பே தெரிந்திருக்கிறது.

அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். நான் மாம்பழ நிறப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அங்கேயே நின்றேன். மிதந்து வந்த கவர் ஒன்று என் காலில் வந்து ஒட்டியது.